தொட்டால் திறக்கும் அத்தியாயங்கள்

அன்புள்ள தங்கைக்கு,

நீ வடிவமைத்த முதல் புத்தகத்தின் பிடிஎஃப் கிடைத்தது. எழுத்தின் அளவும், வரிகளுக்கு நடுவே நீ விட்டிருக்கும் இடமும் கண்ணுக்கு இதமாக இருக்கின்றன. கூடவே நீ கேட்டிருந்த கேள்வியையும் படித்தேன். பொருளடக்கத்தில் அத்தியாயத்தின் பெயரைத் தொட்டால் அந்தப் பக்கம் திறக்க வேண்டும். அதற்காக ஒவ்வொரு வரிக்கும் லிங்க் போட்டுக்கொண்டு உட்கார வேண்டுமா என்கிறாய்.

வேண்டாம். பொருளடக்கத்துக்காக ஒரு லிங்க்கூடக் கையால் போடாதே. கையால் போட்ட லிங்க், அடுத்த திருத்தத்தில் ஒரு தலைப்பு மாறினாலோ ஓர் அத்தியாயம் இடம் பெயர்ந்தாலோ பொய்யாகிவிடும். எது அத்தியாயத் தலைப்பு என்பதை, நீ பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான இன்டிசைனுக்கு ஒழுங்காகச் சொல்லியிருந்தால் லிங்க்குகளை அதுவே போட்டுக்கொள்ளும். சொல்லாமல் விட்டால் எந்த மெனுவும் உதவாது. இந்தக் கடிதம் முழுக்க இந்த ஒரு விஷயத்தைப் பற்றித்தான்.

பேசுவதற்கு ஒரு புத்தகத்தை எடுத்துக்கொள்வோம்: பொன்னியின் செல்வன். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆகிவிட்டதால் யார் வேண்டுமானாலும் பதிப்பிக்கலாம். நீயும் பயிற்சிக்கு எடுத்து வடிவமைத்துப் பார்க்கலாம். 1950இல் தொடங்கி 1954 வரை தொடர்கதையாக வந்த நாவல். ஐந்து பாகங்கள். புது வெள்ளத்தில் 57 அத்தியாயங்கள், சுழற்காற்றில் 53, கொலை வாளில் 46, மணிமகுடத்தில் 46, தியாக சிகரத்தில் 91. கூட்டினால் 293. அச்சுப் புத்தகம் என்றால் கட்டைவிரலால் தாள்களைத் தள்ளியே விட்ட இடத்தைப் பிடித்துவிடலாம். ஃபோனில் இதே நாவல் ஆயிரக்கணக்கான திரைகளாக நீளும்; அங்கே விரலை நுழைக்க இடமில்லை. மணிமகுடத்தின் நடுவே ஓர் அத்தியாயத்தை மறுபடி படிக்க ஆசைப்படுபவருக்கு வழி காட்டாவிட்டால், அவர் புத்தகத்தை மூடிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள். மின்னூலில் பொருளடக்கம் இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, புத்தகத்துக்குள்ளேயே தலைப்புகளை வரிசையாகக் காட்டும் பக்கம். அச்சுக் காலத்திலிருந்து நமக்குப் பழக்கமானது இதுதான். மற்றொன்று, படிக்கும் செயலியின் ஓரத்தில் திறக்கும் பட்டியல். புத்தகத்தின் எந்த மூலையில் இருந்தாலும் மெனுவைத் தொட்டால் இது வந்து நிற்கும். பிடிஎஃப்பில் இதைப் புக்மார்க் என்கிறோம். மின்னூலுக்கான ஈபப் கோப்பில் இதற்கென்று தனி ஆவணமே உண்டு. நீ கேட்டது முதல் வகை. வாசகர் அதிகம் பயன்படுத்தப்போவது இரண்டாவது வகை. இரண்டையும் ஒரே உழைப்பில் பெறுவதுதான் கெட்டிக்காரத்தனம்.

இந்த இரண்டாவது பட்டியல் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. 2007இல் வந்த ஈபப் 2 தரநிலையில் இதற்கு என்.சி.எக்ஸ். என்ற கோப்பு இருந்தது. மின்னூல்காரர்கள் அதைப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. பார்வையற்றோருக்கான பேசும் புத்தகங்களை வகுத்த டெய்ஸி தரநிலையிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். மணிக்கணக்கில் ஓடும் ஒலிப் புத்தகத்தில் பத்தாம் அத்தியாயத்துக்குத் தாவ வேண்டும். கண்ணால் புரட்டிப் பார்க்க வழியில்லை. அந்தத் தேவைக்குப் பிறந்த ஏற்பாடுதான் இன்று எல்லோருடைய ஃபோனிலும் இருக்கிறது. 2011இல் வந்த ஈபப் 3, என்.சி.எக்ஸ். இருந்த இடத்தில் சாதாரண வலைப்பக்க மொழியில் எழுதிய நேவிகேஷன் ஆவணத்தை வைத்தது. 2017இல் ஈபப்பின் பொறுப்பு, வலைத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பிடம் சேர்ந்தது; 2023இல் ஈபப் 3.3 அதன் பரிந்துரையாக வெளிவந்தது. இன்டிசைன் இந்த ஆவணத்தைத் தானே எழுதித் தந்துவிடும். எதைப் பார்த்து எழுதுகிறது என்பதுதான் நீ கற்க வேண்டியது.

அது பார்ப்பது பாராகிராஃப் ஸ்டைலை. வேறு எதையும் அல்ல. தலைப்பைப் பதினெட்டுப் பாயின்ட்டில் தடித்த எழுத்தாக, பக்கத்தின் நடுவில் வைத்திருக்கிறாய். உன் கண்ணுக்கும் என் கண்ணுக்கும் அது தலைப்பு. இன்டிசைனுக்கு அது கொஞ்சம் பெரிதான ஒரு பாரா, அவ்வளவுதான். கல்யாண வீட்டில் ஒரே மாதிரியான நூறு பாத்திரங்கள் குவிந்து கிடந்தாலும், பெயர் வெட்டியிருந்தால் எது யார் வீட்டுப் பாத்திரம் என்று தெரிந்துவிடும். ஸ்டைல் அப்படி வெட்டிய பெயர். எழுத்தின் அளவையும் நிறத்தையும் நாளைக்கே மாற்றலாம், பெயர் மாறாது.

ஆகவே பொன்னியின் செல்வனுக்கு உட்காரும்போது முதல் வேலையாக நான்கு ஸ்டைல்களை உண்டாக்கு: பாகத் தலைப்பு, அத்தியாயத் தலைப்பு, உடல் எழுத்து, முன்பின் தலைப்பு. கடைசியில் சொன்னது முன்னுரை, முடிவுரை போன்றவற்றுக்கு. முன்னுரையின் தலைப்பைச் சின்ன எழுத்தில் அடக்கமாக வைக்க ஆசைப்படுவாய், வைத்துக்கொள். ஆனால் பட்டியலில் அது ‘புது வெள்ளம்’ நிற்கும் அதே படியில் நிற்க வேண்டும், ஏனென்றால் முன்னுரை எந்தப் பாகத்துக்குள்ளும் அடங்காது. தலைப்பின் படியை எழுத்தின் அளவு தீர்மானிப்பதில்லை என்பதற்கு இது நல்ல உதாரணம். அதனால்தான் அதற்குத் தனி ஸ்டைல்.

ஸ்டைலை உண்டாக்குவது சுலபம். அதற்கு விசுவாசமாக இருப்பதுதான் கஷ்டம். ப்ரூஃப் திருத்தம் வரும். அவசரத்தில் ஒரு தலைப்பை வேறிடத்திலிருந்து காப்பி செய்து ஒட்டுவாய். அது உடல் எழுத்து ஸ்டைலோடு வந்து உட்காரும். கையால் பெரிதாக்கி, தடிப்பாக்கி, நடுவில் வைத்துவிடுவாய். பக்கத்தில் பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. பட்டியலில் மட்டும் அந்த அத்தியாயம் காணாமல் போயிருக்கும். 293இல் ஒன்று குறைந்தால் யார் எண்ணிப் பார்ப்பார்கள்? அதைத் தேடிப் போகிற வாசகர்தான் கண்டுபிடிப்பார்.

அடுத்தது, எண்ணும் பெயரும். பொன்னியின் செல்வனில் ஒவ்வொரு பாகத்திலும் அத்தியாய எண் ஒன்றிலிருந்து மறுபடி தொடங்குகிறது. முதல் பாகத்தின் முதல் அத்தியாயம் ‘ஆடித் திருநாள்’. இரண்டாம் பாகத்தின் முதல் அத்தியாயம் ‘பூங்குழலி’. பட்டியலில் எண்ணை மட்டும் காட்டினால் ‘அத்தியாயம் 1’ ஐந்து முறை வரும். எது எந்தப் பாகத்துடையது என்று வாசகர் விழிப்பார். பெயர் கட்டாயம் வேண்டும்.

இங்கே வழக்கமாக நடக்கும் தப்பு ஒன்று உண்டு. ‘முதலாம் அத்தியாயம்’ என்று ஒரு வரி, என்ட்டர் தட்டி, அடுத்த வரியில் ‘ஆடித் திருநாள்’. என்ட்டர் தட்டியதும் அவை இரண்டு பாராக்கள் ஆகிவிட்டன. இரண்டுக்கும் ஒரே ஸ்டைல் கொடுத்திருந்தால் பட்டியலிலும் இரண்டு வரிகளாக வந்து, 293 தலைப்புகள் 586 ஆகிவிடும். இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு என்ட்டர் தட்டுவது. வரி உடையும், பாரா உடையாது. பொருளடக்க அமைப்பில் ‘ரிமூவ் ஃபோர்ஸ்டு லைன் பிரேக்’ என்ற பெட்டியை டிக் செய்தால், பட்டியலில் எண்ணும் பெயரும் ஒரே வரியாகச் சேர்ந்துகொள்ளும். மற்றொன்று, எண்ணை நீ தட்டாமலே ஸ்டைலின் தானியங்கி எண்ணிடலுக்கு விட்டுவிடுவது. அப்போது எண்ணைப் பட்டியலில் சேர்ப்பதா வேண்டாமா என்பதையும் அதே அமைப்பில் ‘நம்பர்டு பாராகிராஃப்ஸ்’ என்ற இடத்தில் சொல்லலாம். ஓர் அத்தியாயத்தை நடுவில் நுழைத்தால் மற்ற எண்கள் தாமாக நகர்ந்துகொள்வதால் கட்டுரைத் தொகுப்புகளுக்கு இரண்டாவது வழி நல்லது. கல்கி எண் போட்டு முடித்துவிட்ட நாவலுக்கு முதல் வழியே போதும்.

இப்போது பொருளடக்க அமைப்புக்கு வருவோம். லேஅவுட் மெனுவில் ‘டேபிள் ஆஃப் கன்டென்ட்ஸ் ஸ்டைல்ஸ்’ என்று இருக்கிறது. அதைத் திறந்து ஒன்றல்ல, இரண்டு அமைப்புகளைச் செய்துவை: பிடிஎஃப்புக்கு ஒன்று, ஈபப்புக்கு ஒன்று. பிடிஎஃப்பில் பக்கம் என்பது உண்மை; 412ஆம் பக்கம் எல்லோருக்கும் 412ஆம் பக்கம்தான். அங்கே தலைப்புக்கு எதிரே எண் நிற்கட்டும். திரைக்கு ஏற்ப எழுத்து ஓடும் வகை ஈபப்பில் வாசகர் எழுத்தைப் பெரிதாக்கினால் பக்கங்களின் எண்ணிக்கையே மாறிவிடும். அங்கே போட்ட பக்க எண் எதையும் குறிக்காது. ஆகவே இரண்டாவது அமைப்பில் ‘நோ பேஜ் நம்பர்’ என்பதைத் தேர்ந்தெடு.

இரண்டிலுமே, சேர்க்க வேண்டிய ஸ்டைல்களின் பட்டியலுக்குள் பாகத் தலைப்பையும் முன்பின் தலைப்பையும் அத்தியாயத் தலைப்பையும் கொண்டுவா. முதல் இரண்டுக்கும் லெவல் 1, அத்தியாயத்துக்கு லெவல் 2. இந்த லெவல்தான் செயலியின் பட்டியலில் அடுக்காக மாறும். 293 பெயர்களும் தட்டையாக வரிசையில் நிற்பதற்குப் பதிலாக ஐந்து பாகங்கள் தெரியும். ஒன்றைத் தொட்டால் அதன் அத்தியாயங்கள் மட்டும் விரியும். சில செயலிகள் அடுக்கை மடித்துக் காட்டாமல் உள்தள்ளி மட்டும் காட்டும். அதுவும் தட்டையான பட்டியலைவிட எவ்வளவோ மேல். திருக்குறளைப் போல பால், இயல், அதிகாரம் என்று மூன்று படிகள் உள்ள நூலுக்கு மூன்று லெவல் கொடுக்கலாம். அதற்கு மேல் போனால் ஃபோன் திரையில் உள்தள்ளலுக்கே இடம் போதாது.

இந்தத் தேர்வுகளில் ஏதாவது கண்ணில் படாவிட்டால் ‘மோர் ஆப்ஷன்ஸ்’ பொத்தானைத் தட்டு, திறக்கும். ‘கிரியேட் பிடிஎஃப் புக்மார்க்ஸ்’ என்பதை டிக் செய். தலைப்புகளில் டெக்ஸ்ட் ஆங்கர் வைப்பதற்கான பெட்டி உன் பதிப்பில் இருந்தால் அதையும் டிக் செய். ஆங்கர் என்பது எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி. தலைப்பு பத்துப் பக்கம் தள்ளிப் போனாலும் குறியும் கூடவே போகும்.

அமைப்பு முடிந்ததும் பிடிஎஃப்புக்காகப் பொருளடக்கத்தை உண்டாக்கி அதற்குரிய பக்கத்தில் இறக்கு. பிறகு அந்தப் பக்கத்தில் ஓர் எழுத்தையும் கையால் திருத்தாதே. அங்கே எழுத்துப்பிழை தெரிந்தால் அத்தியாயத்துக்குப் போய்த் தலைப்பைத் திருத்திவிட்டு, ‘அப்டேட் டேபிள் ஆஃப் கன்டென்ட்ஸ்’ கொடு. அப்டேட் செய்யும்போது இன்டிசைன் பழைய பொருளடக்கத்தை அழித்துவிட்டுப் புதிதாக எழுதுகிறது; கையால் செய்ததெல்லாம் போய்விடும். புக்மார்க் பேனலில் நீ இழுத்துப்போட்டு அடுக்கிய வரிசையும் அப்போது குலையும். ஆகையால் அடுக்கும் வேலை எதுவானாலும் கடைசி அப்டேட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்.

பிடிஎஃப் எக்ஸ்போர்ட்டில் பலரும் சறுக்கும் இடம் ஒன்றுதான். பிரிண்ட் வகையைத் தேர்ந்தெடுத்தால், ஜெனரல் பகுதியின் கீழே புக்மார்க்ஸ், ஹைப்பர்லிங்க்ஸ் என்று இரண்டு பெட்டிகள் இருக்கும். அச்சகத்துக்கு அனுப்பும் முன்னமைவுகளில் இவை பெரும்பாலும் டிக் இல்லாமல் கிடக்கும், காகிதத்துக்கு லிங்க் எதற்கு என்பதால். அதே முன்னமைவில் மின்னூலையும் எடுத்தால் நீ செய்த வேலை அத்தனையும் கோப்புக்குள் போகாமலே நின்றுவிடும். உன் பிடிஎஃப்பில் தலைப்பைத் தொட்டால் பக்கம் திறக்காததற்கும் இது காரணமாக இருக்கலாம்; முதலில் அந்த இரண்டு பெட்டிகளைப் பார். அக்ரோபாட் கையில் இருந்தால், டாக்குமென்ட் பிராப்பர்ட்டீஸில் இனிஷியல் வியூ என்ற இடத்தில், கோப்பைத் திறந்ததுமே புக்மார்க் பட்டியல் தெரியும்படி வைத்துவிடலாம். புக்மார்க் என்று ஒன்று இருப்பதே தெரியாத வாசகருக்கு இது பெரிய உதவி.

ஈபப் எடுப்பது இன்னும் சுலபம். புத்தகத்துக்குள் பொருளடக்கப் பக்கம் இல்லாவிட்டாலும், எக்ஸ்போர்ட் பெட்டியில் ‘நேவிகேஷன் டிஓசி’ என்ற இடத்தில் ‘மல்டி லெவல்’ என்பதைத் தேர்ந்து, நீ செய்துவைத்த இரண்டாவது அமைப்பைக் காட்டினால் போதும். செயலியின் பட்டியல் தயார். அதற்கு முன் இரண்டு வேலைகளைச் செய்துவிடு. முதலாவது, ஸ்டைலின் உள்ளே ‘எக்ஸ்போர்ட் டேகிங்’ பகுதிக்குப் போய்ப் பாகத் தலைப்புக்கும் முன்பின் தலைப்புக்கும் எச்1, அத்தியாயத் தலைப்புக்கு எச்2 என்று கொடு. கொடுக்காவிட்டால் தலைப்புகளும் உள்ளே சாதாரணப் பாராக்களாகவே போய்ச் சேரும். இரண்டாவது, அதே இடத்தில் ‘ஸ்பிளிட் டாக்குமென்ட்’ என்பதை டிக் செய். ஒவ்வோர் அத்தியாயமும் தனிக் கோப்பாகப் பிரிந்து புதிய திரையில் தொடங்கும். பிரிக்காவிட்டால் நாவல் முழுவதும் ஒரே நீளக் கோப்பாகி, பழைய ஃபோன்களில் திறக்கவே திணறும்.

இவ்வளவு பெரிய நாவலை ஒரே இன்டிசைன் கோப்பில் வைத்துக்கொள்ளவும் வேண்டாம். பாகத்துக்கு ஒரு கோப்பாக ஐந்தாக்கி, புக் கோப்பு ஒன்றில் அவற்றை வரிசையாகச் சேர். ஒரு கோப்பை ஸ்டைலுக்கு மூலமாக வைத்து மற்றவற்றை அதற்கு ஒத்திசைக்கலாம். பொருளடக்க அமைப்பில் ‘இன்க்ளூட் புக் டாக்குமென்ட்ஸ்’ டிக் செய்தால் ஐந்து கோப்புகளின் தலைப்புகளும் ஒரே பட்டியலில் வரும். ஒரு பாகத்தில் ‘அத்தியாயத் தலைப்பு’ என்றும் இன்னொன்றில் ‘அத்தியாயம் தலைப்பு’ என்றும் ஸ்டைல் பெயர் ஓரெழுத்து மாறியிருந்தால், இன்டிசைன் அவற்றை இரண்டு வேறு ஸ்டைல்களாகத்தான் எடுத்துக்கொள்ளும். அதையும் பார்த்துக்கொள்.

இனி சொல்லப்போவது தமிழில் வேலை செய்கிற நமக்கே உரிய தலைவலி. பேஜ்மேக்கர் காலத்திலிருந்து நம் அச்சகங்களில் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்கள் புழங்கி வந்திருக்கின்றன. அவற்றில் நீ பார்ப்பது தமிழ். கோப்புக்குள் இருப்பதோ ஆங்கில எழுத்தும் குறிகளும். எழுத்துருதான் அவற்றுக்குத் தமிழ் வேஷம் போடுகிறது. தாளில் அச்சடிக்கும்வரை யாருக்கும் நஷ்டமில்லை. புக்மார்க் பட்டியல் உன் எழுத்துருவைப் பயன்படுத்துவதில்லை. கணினியின் எழுத்துருவில்தான் பெயர்களைக் காட்டும். அங்கே வேஷம் கலைந்துவிடும். பாமினியில் தட்டிய தலைப்பாக இருந்தால், மெய்யெழுத்தின் புள்ளி ஒவ்வொன்றும் அரைப்புள்ளியாகக் கிடக்க, படிக்க முடியாத ஆங்கிலக் குவியலாகப் பட்டியல் திறக்கும். லிங்க் வேலை செய்யும். எங்கே போகிறோம் என்றுதான் தெரியாது. ஈபப்பிலும் இதே கதைதான்.

இதற்கு ஒரே மருந்து யூனிகோட். தமிழக அரசு 2010இலேயே யூனிகோடைத் தரமாக ஏற்று ஆணையிட்டது. ஆனாலும் பழைய பிரதிகள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. வந்தால், லேஅவுட்டைத் தொடுவதற்கு முன்பே என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற ஒன்றால் மாற்றிக்கொள். மாற்றும்போது நடுவே உள்ள ஆங்கிலச் சொற்களையும் அது தமிழாக நினைத்து உருட்டிவிடும். அவற்றைத் தேடித் திருத்த வேண்டும். மாற்றிய பிறகு, ஸ்டைலின் ஜஸ்டிஃபிகேஷன் பகுதியில் கம்போஸர் என்ற இடத்தில் ‘வேர்ல்டு ரெடி’ என்று தொடங்கும் ஒன்றைத் தேர்ந்தெடு. இல்லையென்றால் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ‘ஔவை’ என்பதை ஒற்றை ஔகாரமாகவும் தட்டலாம்; ஒகரத்தையும் ளகரத்தையும் சேர்த்தும் தட்டிவிடலாம். திரையில் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். தேடும்போது ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. தலைப்புகளில் இதை ஒருமுறை சரிபார்.

அலங்காரத் தலைப்புகளையும் இங்கேயே சொல்லிவிடலாம். அத்தியாயப் பெயரைக் கோரல்டிராவில் வளைத்து நெளித்துப் படமாக்கி ஒட்டுவது நம்மவர்களுக்குப் பிடித்தமான வேலை. படத்துக்குள் இருக்கும் எழுத்தை இன்டிசைன் படிக்காது. அந்த அத்தியாயம் பட்டியலுக்கும் வராது. அலங்காரம் வேண்டுமென்றால் பூவேலையைப் படமாக வை. பெயரை எழுத்தாகவே விடு.

கையால் லிங்க் போடவே கூடாதா என்றால், அதற்கும் இடம் உண்டு. ‘இதை எட்டாம் கட்டுரையில் பார்க்கலாம்’ என்று ஆசிரியர் எழுதியிருந்தால் அங்கே கிராஸ் ரெஃபரன்ஸ் போடு. தலைப்பு மாறினாலும் அப்டேட் செய்ததும் அது தன்னைத் திருத்திக்கொள்ளும். பிடிஎஃப்பின் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ‘பொருளடக்கம்’ என்று ஒரு சிறு சொல் வைத்து, அதைத் தொட்டால் பொருளடக்கப் பக்கத்துக்குத் திரும்பும்படி செய்யலாம். அதைப் பக்கம் பக்கமாக வைக்காதே; பேரன்ட் பக்கத்தில் (பழைய பதிப்புகளில் மாஸ்டர் பக்கம்) ஒருமுறை வைத்தால் போதும். ஓடும் ஈபப்பில் இது வேண்டாம். செயலியின் மெனுவே அந்த வேலையைச் செய்கிறது.

எல்லாம் முடிந்ததும் சோதனை. உன் கணினியில் திறந்து பார்த்துவிட்டு அனுப்பிவிடாதே. மின்னூல் படிக்கும் செயலிகளான தோரியம், கேலிபர் இரண்டும் இலவசம், இரண்டிலும் திற. உன் ஃபோனில் ஒருமுறை, சற்றுப் பழைய ஃபோனில் ஒருமுறை. பட்டியலின் முதல் பெயர், கடைசிப் பெயர், ஒவ்வொரு பாகத்தின் முதல் அத்தியாயம் ஆகியவற்றைத் தொட்டுப் பார். தலைப்புகளை எண்ணிப் பார். 293 அத்தியாயங்களும் இருக்கின்றனவா? ஈபப்செக் என்ற இலவசக் கருவியில் கோப்பைக் கொடுத்தால் இலக்கில்லாத லிங்க் எது, எந்தக் கோப்பில் என்று சொல்லிவிடும். ஈபப் என்பது உள்ளே ஒரு ஜிப் கோப்புதான். ஒரு நகல் எடுத்து அதன் பின்னொட்டை ஜிப் என்று மாற்றித் திறந்து, நேவிகேஷன் ஆவணத்தை ஒருமுறை படித்துப் பார். நீ கொடுத்த லெவல்கள் அங்கே ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கியிருப்பது தெரியும். அதைப் பார்த்த பிறகு இந்த வேலையில் உனக்குப் பயம் இருக்காது.

சோதனையில் ஒன்றைக் கட்டாயம் சேர்த்துக்கொள். ஃபோனின் திரைவாசிப்பானை இயக்கிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு உன் புத்தகத்தில் ஓர் அத்தியாயத்திலிருந்து இன்னொன்றுக்குப் போய்ப் பார். பார்வையற்ற வாசகர்கள் தலைப்புக்குத் தலைப்பு தாவித்தான் படிக்கிறார்கள். நீ எச்1, எச்2 என்று கொடுத்தது அவர்களுக்குத்தான் படிக்கட்டு. பார்வையற்றோருக்குப் புத்தகம் கிடைக்க வழிசெய்யும் மராகேஷ் ஒப்பந்தம் 2013இல் உருவானது; 2014இல் அதை முதன்முதலாக ஏற்புறுதி செய்த நாடு இந்தியா. ஐரோப்பிய ஒன்றியத்தில் மின்னூல்களுக்கும் அணுகல் விதிகள் 2025 ஜூன் 28 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டன. அங்குள்ள தமிழர்களுக்கு நம் பதிப்பகங்கள் மின்னூல் விற்க நினைத்தால் இது நாளைய பிரச்சினை இல்லை, இன்றைய பிரச்சினை. சட்டம் இருக்கட்டும், அந்த வாசகரும் காசு கொடுத்துத்தானே புத்தகம் வாங்குகிறார்?

இத்தனை மெனுப் பெயர்களையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். அடுத்த பதிப்பில் அவை இடம் மாறலாம், பெயரும் மாறலாம். தலைப்பைத் தலைப்பு என்று ஸ்டைலால் சொல்ல வேண்டும் என்பது மட்டும் மாறாது. தலைப்பு அழகாக இருந்தால் போதாது. தலைப்பாகவும் இருக்க வேண்டும். இதைச் செய்கிறவர் அரைமணி நேரத்தில் முடிக்கும் வேலையை, செய்யாதவர் ஒவ்வொரு பதிப்புக்கும் முதலிலிருந்து செய்துகொண்டிருப்பார்.

உன் புத்தகத்தை மறுபடி திற. தலைப்பு ஒவ்வொன்றிலும் கர்சரை வைத்து, ஸ்டைல் பேனலில் என்ன பெயர் தெரிகிறது என்று பார். பெயருக்குப் பக்கத்தில் கூட்டல் குறி இருந்தால் அங்கே நீ கையால் ஏதோ செய்திருக்கிறாய், அதை நீக்கு. பிறகு பொருளடக்கத்தை உண்டாக்கி, புது பிடிஎஃப்பையும் ஈபப்பையும் எனக்கு அனுப்பு. அடுத்த புத்தகத்துக்கு மட்டும் முதல் பக்கம் போடுவதற்கு முன்பே ஸ்டைல் பட்டியலை எழுதிவிடு.

அன்புடன்,
உன் அண்ணன்